மாதுளை நிறக் கிடார்

அக்டோபர் 9, வியாழன்

துணிக்கடையில் கொடுத்த டைரி. ஒன்பது மாதமாகக் காலியாகக் கிடந்தது. இன்று ஒரு காரணத்துக்காக எடுத்திருக்கிறேன். செல்வின் அண்ணனின் கிடாரில் மங்கல் விழுந்திருக்கிறது.

வலது முன்கை படுகிற மேல் விளிம்பில், கோட்டுப் பட்டன் அளவுக்கு. மற்ற இடமெல்லாம் மாதுளை நிறத்தில் முகம் பார்க்கலாம். அங்கே மட்டும் மூச்சு விட்ட கண்ணாடி போல இருக்கிறது. துடைத்தேன். மறுபடி துடைத்தேன். துடைத்தால் போகிற அழுக்கு இல்லை.

நாளைக்கு யாராவது 'நீ கவனிக்கவில்லை' என்று சொன்னால் காட்டுவதற்கு எழுத்தில் இருக்க வேண்டும். அதனால் தினமும் எழுதப் போகிறேன். எவ்வளவு நேரம் வாசித்தேன், எந்தத் துணியால் துடைத்தேன், எல்லாம்.

செல்வின் அண்ணன் எங்கள் மெல்லிசைக் குழுவின் லீட் கிடார். நான் பதினோரு வருடமாகப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து ரிதம் கிடார். பகலில் சிங்காநல்லூரில் தையல் கடை, மாலையில் கல்யாண ரிசப்ஷன். ஜூலையில் அண்ணனுக்குக் கப்பலில் ஆறு மாத வேலை கிடைத்தது, பயணிகளுக்கு வாசிக்க. உப்புக் காற்று ஆகாது என்று இந்தக் கிடாரைக் கொண்டுபோகவில்லை. கீபோர்டு துரைசாமி மாஸ்டர்தான் குழுவுக்குத் தலைவர். அவர் வெளியே இருந்து ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆளெல்லாம் எதுக்குங்க? லீட்டு ரேணு வாசிக்கட்டும். என்ற கிடார்லயே வாசிக்கட்டும்" என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

மாஸ்டர் என்னிடம் சொன்னது இது: "சரிங்க அம்மிணி. ஆனா செல்வின் வர்றப்ப அதுல ஏதாச்சும் ஆயிருந்துச்சுன்னா, நீங்க மறுபடி ஸ்டூலுக்குப் போயிரோணும்."

நான் ஸ்டூலுக்குப் போக மாட்டேன். முப்பத்தொன்பது வயதில்தான் மேடையில் முன்னால் வந்து நிற்கிறேன். பொங்கலுக்கு அண்ணன் வரும்போது கிடார் போனபடியே இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அக்டோபர் 10, வெள்ளி

அண்ணன் எழுதிக் கொடுத்த காகிதத்தை இங்கே ஒட்டியிருக்கிறேன். அவர் பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறார்.

'இது புதுக் கிடாருக மாதிரி மேல பிளாஸ்டிக் பூசினதில்ல. அம்பது வருசத்துக்கு முந்தின லாக்கர் பாலிசு. மெல்லிசா இருக்கும். போத்தனூர் ரயில்வே காலனில ஒரு பெரியவர்கிட்ட வாங்கினேன், அவர் குழந்தை மாதிரி வெச்சிருந்தார். வாசிச்ச அடுத்த நிமிசம் காட்டன் துணில துடைச்சுரு. சென்ட்டு, ஸ்பிரிட்டு, கொசு மருந்து பக்கத்துல வரக் கூடாது. ரப்பர் வெச்ச ஸ்டாண்டுல சாய்க்காத, ரப்பர் தின்னுரும். வெயில்ல வண்டிக்குள்ள உடாத. வளையல் போடாத. முந்தானைல பின்னு குத்தாத.'

எல்லாம் செய்கிறேன். வளையலை ஜூலையிலேயே கழற்றியாயிற்று. முந்தானையைப் பின் இல்லாமல் இழுத்துச் செருகிக்கொள்கிறேன். வேர்வையைத்தான் கழற்றி வைக்க முடியவில்லை. எனக்கு வேர்க்கிற உடம்பு. அம்மாவுக்கும் இப்படித்தான். மார்கழியில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தால்கூட ரவிக்கை முதுகு நனைந்திருக்கும்.

அக்டோபர் 14, செவ்வாய்

திருப்பூர் பனியன் துணியில் முன்கைக்கு ஓர் உறை தைத்தேன். எலாஸ்டிக்கில் ரப்பர் இருக்கும் என்பதால் நாடா வைத்தேன். தையல்காரி கிடார் வாசித்தால் இதுதான் வசதி.

அக்டோபர் 18, சனி

பீளமேட்டில் ரிசப்ஷன். இரண்டரை மணி நேரம். ஏ.சி. மண்டபம்தான். மூன்றாவது பாட்டிலேயே உறை நனைந்துவிட்டது. இடைவேளையில் கழற்றிப் பிழிந்தேன், சொட்டியது. ஈரத் துணி வெறும் கையைவிட மோசம். வேர்வையை ஒரே இடத்தில் பிடித்து வைத்துத் தேய்க்கிறது.

மாஸ்டர் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி, வாசிச்சீங்களா, குளிச்சீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பந்தியில் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் கேட்க வெட்கமாக இருந்தது.

அக்டோபர் 20, தீபாவளி

செப்டம்பரில் எனக்காகத் தைத்து வைத்த ரவிக்கை இன்று தொளதொளவென்று இருக்கிறது. தையல்காரியின் ரவிக்கையே பொருந்தவில்லை என்றால் தெரு சிரிக்கும். அளந்து பார்த்தேன். என் இடுப்பு எப்போதும் முப்பத்திரண்டு. இன்று முப்பது காட்டுகிறது. டேப் பழசு. நாலு வருடமாக இழுத்து இழுத்து நீண்டுவிட்டது. நீண்ட டேப்பில் அளந்தால் அளவு குறைவாகத்தான் வரும்.

கிடார்: அரை மணி நேரம். துடைத்தேன். பட்டாசுப் புகை படாமல் பெட்டியில் வைத்து மூடினேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

புது டேப் வாங்க வேண்டும்.

நவம்பர் 2, ஞாயிறு

மங்கல் உள்ளங்கை அளவு ஆகிவிட்டது. விரலால் தடவினால் சொரசொரக்கிறது. உறை இப்போது ஆறு வைத்திருக்கிறேன், இரண்டு பாட்டுக்கு ஒன்று மாற்றுகிறேன். கையில் பவுடர் போட்டுப் பார்த்தேன். பவுடரும் வேர்வையும் சேர்ந்து மாவாகிக் கம்பிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அதை எடுக்க ஒரு மணி நேரம், பல் குத்தும் குச்சியில் பஞ்சு சுற்றி. வரிசையாகத் தீபாவளிக்குப் பிந்திய ஆல்ட்டர் வேலை கிடக்கிறது, நான் கிடாருக்குக் காது குடைந்துகொண்டிருக்கிறேன்.

நவம்பர் 6, வியாழன்

கவுசல்யா டீச்சர் ரவிக்கை வாங்க வந்தார். அரசுப் பள்ளியில் கணக்கு எடுப்பவர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் ரேணு, என்ன டயட் இருக்கறே? எனக்கும் சொல்லிக் குடு."

"டயட்டா? மூணு வேளையும் ரெண்டு மடங்கு திங்கறேன் டீச்சர்."

"அப்புறம் எப்படி இப்படி எளச்சே? ஆனா கழுத்துல சங்கிலி மட்டும் இறுக்கிப் புடிக்குதே?"

"சங்கிலி சுருங்கிருச்சுங்க டீச்சர்."

அவர் சிரிக்கவில்லை. நான் அவருடைய ரவிக்கையின் கொக்கியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவர் போன பிறகு சங்கிலியைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டேன். சங்கிலியும் கிடாரைக் கீறும் இல்லையா.

நவம்பர் 11, செவ்வாய்

புது டேப் வாங்கினேன். இடுப்பு இருபத்தொன்பது. இப்போதெல்லாம் கடையில் விற்பது எதுவுமே சரியில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததையும் எழுதத்தான் வேண்டும்.

சூலூரில் ரிசப்ஷன். நாலாவது பாட்டில் எனக்குத் தனியாக எட்டு வரி வாசிப்பு உண்டு. ஜூலையில் இருந்து அதை வாசிக்கிறேன், தூக்கத்தில் கேட்டாலும் வாசிப்பேன். இன்று விரல் நிற்கவில்லை. குளிரில் நடுங்குகிற மாதிரி நடுங்கியது, ஆனால் எனக்குக் கொதிக்கிறது. நெஞ்சுக்குள் டிரம்மர் வேறு தாளத்தில் அடிக்கிறான். மூன்றாவது வரியில், கம்பியை மீட்டுகிற பிக் கையை விட்டு நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தால் கிடார் மைக் ஸ்டாண்டில் மோதிவிடும் என்று குனியவில்லை. மீதி ஐந்து வரியையும் மாஸ்டர் கீபோர்டில் வாசித்து மூடினார். பாட்டு முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

மேடைக்குப் பின்னால் டிரம்மரிடம் எரிந்து விழுந்தேன். அவன் தண்ணீர் பாட்டிலைக் கிடார் பெட்டி மேல் வைத்திருந்தான். மூடின பெட்டி, மூடின பாட்டில். அப்படியும் கத்தினேன். எனக்கு இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் கத்தத் தோன்றுகிறது.

கிடார்: புதுக் கீறல் இல்லை. மங்கல் கீழ்ப் பக்கமும் இறங்குகிறது.

நவம்பர் 24, திங்கள்

மழை. நாலு நாள் நிகழ்ச்சி இல்லை. சுவரெல்லாம் ஈரம் பூத்திருக்கிறது. கிடாருக்கு ஈரம் ஆகாது. அம்மாவின் பழைய கட்டம் போட்ட காட்டன் புடவையை எடுத்தேன். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிவிட்ட புடவை, அதைவிட மென்மையான துணி இந்த வீட்டில் கிடையாது. கிடாரை நன்றாகச் சுற்றி, பெட்டிக்குள் நாலு மூலையிலும் சூடக்கட்டி வைத்தேன். ஈரம் அண்டாது, பூச்சியும் வராது. அம்மா தன் பட்டுப் புடவைகளை இப்படித்தான் வைத்திருந்தாள், ஒன்றில்கூட ஓட்டை விழுந்ததில்லை.

மனதுக்கு நிம்மதியாக இருக்கிறது. ஒரு வேலையாவது உருப்படியாகச் செய்தேன்.

நவம்பர் 28, வெள்ளி

பெட்டியைத் திறந்தேன். புடவை பிரிந்து வரவில்லை.

ஒட்டியிருந்தது. மெதுவாக, ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக, புண்ணில் இருந்து கட்டுப் பிரிக்கிற மாதிரி பிரித்தேன். கிடாரின் பின்பக்கம் முழுவதும் புடவையின் இழை அச்சாகப் பதிந்திருக்கிறது. கட்டம் கட்டமாக. அம்மாவின் புடவைக் கட்டம். விரல் வைத்தால் விரல் ரேகையும் பதிகிறது. கல் மாதிரி இருந்த மெருகு மெழுகு மாதிரி இளகிக் கிடக்கிறது.

தரையில் உட்கார்ந்து அழுதேன். வாடிக்கையாளர் வந்து கதவைத் தட்டினார்கள். திறக்கவில்லை.

நவம்பர் 29, சனி

நான்தான் செய்தேன். வேர்வை கூட இல்லை. நானே என் கையால்.

டிசம்பர் 1, திங்கள்

உக்கடத்தில் மரச் சாமானுக்குப் பாலிஷ் போடுகிற கபூர் பாயிடம் கொண்டுபோனேன். பட்டறை முழுக்கக் கட்டில் கால்கள். அவர் கிடாரைத் தொடுவதற்கு முன்னால் பெட்டிக்குள் மூக்கை நுழைத்து மோந்து பார்த்தார்.

"சூடம் வெச்சீங்களாம்மா?"

"ஈரம் வரக் கூடாதுன்னுங்க பாய்."

"அதான் பாத்தேன். இந்தப் பாலிசுக்கும் சூடத்துக்கும் ஆகவே ஆகாது. மூடின பொட்டிக்குள்ள சூடத்தோட ஆவி நின்னா மேப்பூச்சு இளகிப் போகும். அப்ப எது மேல பட்டாலும் அச்சுப் புடிச்சுக்கும்."

அண்ணனின் காகிதத்தில் ரப்பர் இருக்கிறது, சென்ட் இருக்கிறது, கொசு மருந்து இருக்கிறது. சூடத்தைப் பற்றி எழுத அவருக்குத் தோன்றவே இல்லை. தேவாலயத்துக்குப் போகிற குடும்பம், அவர் வீட்டில் சூடம் ஏது.

"சரி பண்ண முடியுமாங்க?"

"மேல இருக்கறத முழுசா சொரண்டிட்டுப் புதுசா அடிச்சுத் தரேன். கண்ணாடியா ஆயிரும். ஆனா அது வேற பாலிசு. இதோட சொந்தக்காரரு தொட்டதும் கண்டுபுடிச்சிருவாரு. அப்படியே உட்டீங்கன்னா ரெண்டு மாசத்துல தானா இறுகும், அச்சு மட்டும் நிக்கும்."

சுரண்டச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். யோசித்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன். வேண்டாம் என்றேன்.

பிறகு அவர் கிடாரைத் திருப்பி, முன்கை படும் இடத்தைப் பார்த்தார். "இது எத்தன வருசமா?"

"ரெண்டு மாசம்தாங்க."

"ரெண்டே மாசத்துல இப்படித் தின்ன வேர்வைய நான் பாத்ததில்லம்மா." ஒரு உப்புத்தாளை எடுத்து என் கையில் கொடுத்தார், எவ்வளவு நைசான தாளில் தேய்த்தாலும் தடம் தெரியும் என்று காட்டுவதற்காக. தாள் என் விரல்களுக்கு நடுவில் படபடவென்று ஆடியது. பட்டறையில் விசிறி கூட ஓடவில்லை. அவர் தாளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"கிடாரு கெடக்குது. நீங்க மொதல்ல ஒரு டாக்டரப் பாருங்க."

"கிடாருக்கு வைத்தியம் கேட்டுத்தான் உங்ககிட்ட வந்தேன்!" என்று கத்திவிட்டேன். வயதில் பெரியவர். பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 8, திங்கள்

அண்ணன் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். பின்னால் காற்று இரைகிறது. "ரேணு, என்ற கிடார் எப்படி இருக்குது? நீ எப்படி இருக்கறே?"

முதல் கேள்விக்கு மட்டும் பதில் அனுப்பினேன். 'கண்ணாடி மாதிரி இருக்குதுங்கண்ணா.'

இரண்டாவது கேள்விக்கு அனுப்பியிருந்தாலும் பொய்தான் அனுப்பியிருப்பேன்.

டிசம்பர் 16, செவ்வாய். மார்கழி பிறந்தது

தெருவில் எல்லோரும் ஸ்வெட்டர், மப்ளர். நான் விசிறியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் கோலம் போட்டேன். கோடு நேராக வரவில்லை. எழுந்தபோது ரவிக்கை முதுகு நனைந்திருந்தது.

கோலத்தைத் தண்ணீர் ஊற்றி அழித்துவிட்டேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

ஒரு முடிவுக்கு வந்தேன். நான் தொட்டால்தானே கிடார் கெடுகிறது. அண்ணன் வரும்வரை அதைத் தொடப்போவதில்லை. பெட்டிக்கு வெளியே, மர பீரோ மேல், வெயில் படாத இடத்தில், எதுவும் மேலே படாமல் படுக்க வைத்திருக்கிறேன். சூடம் கலந்த காற்று போகட்டும்.

மாஸ்டரிடம், "நான் ரிதமே வாசிக்கறேனுங்க. லீட்டுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க" என்றேன்.

"நானே சொல்லலாம்னுதான் இருந்தேனுங்க அம்மிணி," என்றார். கொஞ்சம் இரக்கமாகத்தான் சொன்னார், அதுதான் தாங்கவில்லை.

இன்று மாலை நானே போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். என் பழைய கிடார், மேலே பிளாஸ்டிக், எவ்வளவு வேர்வை கொட்டினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. முன்னால் நின்றவன் என்னுடைய எட்டு வரியை வாசித்தான். தப்பில்லாமல் வாசித்தான்.

டிசம்பர் 28, ஞாயிறு

ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பதினைந்து தடவை. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்தேன், ஆனால் ஊசியின் காது நன்றாகத் தெரிகிறது. கைதான் அங்கே போய்ச் சேர மாட்டேன் என்கிறது.

கவுசல்யா டீச்சர் வந்தார். பேச்சை மாற்றுவதற்காக டேப் நீண்டுபோன கதையைச் சொன்னேன். பழசும் நீண்டுவிட்டது, புதுசும் நீண்டுதான் வருகிறது என்று. அவர் வகுப்பில் பேசுகிற மாதிரி நிதானமாகக் கேட்டார்.

"டேப்பு நீண்டிருந்தா எங்க அளந்தாலும் கம்மியாத்தானே காட்டோணும்?"

"ஆமாங்க."

"எனக்கு அந்த டேப்புலதானே அளந்தே? என்ற ரவிக்கை கச்சிதமா இருக்குதே ரேணு. சரி, உன்ற கழுத்த அள பாப்போம்."

"எதுக்குங்க டீச்சர்? எனக்கு நெறைய வேல கெடக்குது," என்றேன்.

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு அளந்தேன். செப்டம்பரில் பதின்மூன்றரை. இப்போது பதினாலே கால். இடுப்பு இருபத்தெட்டு.

தீபாவளிக்கு அந்தப் பழைய டேப்பில் அளந்து முப்பது ரவிக்கைக்கு மேல் தைத்தேன். ஒருத்தி கூடத் திருப்பிக் கொண்டுவரவில்லை.

டிசம்பர் 31, புதன்

கடைசிப் பக்கம். கிடார்: தொடவில்லை. அச்சு அப்படியே இருக்கிறது. விரல் வைத்தால் முன்போலப் பதியவில்லை, கொஞ்சம் இறுகியிருக்கிறது.

ஜனவரி 1, வியாழன்

டைரி முடிந்துவிட்டது. முன்னால் ஜனவரிப் பக்கங்கள் காலியாகத்தானே இருக்கின்றன, அங்கே வந்து எழுதுகிறேன். அச்சில் புதன் என்று இருக்கிறது. அடித்துவிட்டு வியாழன் என்று எழுதினேன்.

ஜனவரி 4, ஞாயிறு

நேற்றுக் காலை ஆஸ்பத்திரி வாசல் வரை போனேன். டோக்கன் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண், கழுத்தில் கட்டுப் போட்டிருந்தாள். திரும்பி வந்துவிட்டேன்.

இதை ஒரு தடவை எழுதிவிட்டால் போதும், பிறகு எழுத வேண்டியதில்லை.

எனக்குத் தெரியும். அக்டோபரில் இருந்தே தெரியும். அம்மாவுக்கும் முதலில் வேர்த்தது. பிறகு நிறையச் சாப்பிட்டாள், சாப்பிடச் சாப்பிட இளைத்தாள். எங்களை அடிக்காதவள் அடித்தாள். கை நடுங்கி டம்ளரைக் கீழே போட்டாள். கழுத்து வீங்கியபோது முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எல்லாம் முற்றிய பிறகுதான் கூட்டிப்போனார்கள். கழுத்தில் ஆபரேஷன் என்றார்கள். "ரெண்டு நாள்ல வந்துருவேன், தம்பியப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு நாற்பத்தொன்று. திரும்பி வரவில்லை.

நான் டாக்டரைப் பார்த்தால் கழுத்து என்பார்கள். கழுத்து என்றால் ஆபரேஷன் என்பார்கள். கிடாரின் மங்கலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தால் அது கிடாரின் மங்கலாக மட்டும் இருந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மா, எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

ஜனவரி 12, திங்கள்

அண்ணன் வந்துவிட்டார். விமான நிலையத்தில் இருந்து வீட்டுக்குப் போய்ப் பையை வைத்துவிட்டு நேராகக் கடைக்கே வந்தார். கறுத்திருக்கிறார், தாடி வைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ரேணுதானே?" என்றார்.

நான் அவரை உட்காரச் சொல்லாமலே கிடாரை எடுத்து மேசை மேல் வைத்தேன். ஒத்திகை பார்த்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. "முன்னால வேர்வைங்கண்ணா. பின்னால சூடம். கண்ணாடி மாதிரி இருக்குன்னு சொன்னது பொய்," என்றேன்.

அவர் முதலில் முன்பக்கத்தைப் பார்த்தார். பிறகு திருப்பினார். கட்டத்தின் மேல் கட்டை விரலை வைத்து மெதுவாக ஓட்டினார். முகம் சிவந்தது. அவருக்குக் கோபம் வந்தது, வராத மாதிரி நடிக்கவும் இல்லை.

"சூடமா? எவளாச்சும் கிடாருக்கு சூடம் வெப்பாளா ரேணு? நம்பித்தானே குடுத்துட்டுப் போனேன்? போத்தனூர்ப் பெரியவருக்கு நான் என்ன சொல்றது?"

"நான் கவனிக்காம இல்லீங்கண்ணா!" எனக்கும் கோபம் வந்துவிட்டது. மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் பார்த்தேனே. "ஒவ்வொரு நாளும் எழுதி வெச்சிருக்கேன். என்ன துணி, எவ்வளவு நேரம், எல்லாம் இருக்குது. நீங்களே படிச்சுப் பாருங்க!" இழுப்பறையில் இருந்து டைரியை எடுத்து அவர் முன்னால் வீசினேன்.

அவர் திறந்தார். எல்லோரும் திறக்கிற மாதிரி முதல் பக்கத்தில் இருந்து.

முதல் பக்கம் ஜனவரி.

எனக்கு அது ஞாபகத்துக்கு வந்தபோது அவர் இரண்டாவது தாளைத் திருப்பியிருந்தார். பிடுங்கப் போனேன். கையை நீட்டி என்னைத் தடுத்துவிட்டுப் படித்தார். பிறகு அக்டோபருக்குப் போனார். ஒரு பக்கம் விடவில்லை. உறையைப் பிழிந்ததைப் படித்தார், ரவிக்கையை, சங்கிலியை, உப்புத்தாளை. நான் தையல் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டு அழுதேன். மூன்று மாதமாக அந்தப் பக்கங்களில் கிடாரைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று நினைத்திருந்தேன்.

மூடி வைத்துவிட்டு எழுந்தார்.

"கெளம்பு."

"எங்கீங்கண்ணா?"

"எங்கன்னு உனக்குத் தெரியும். இந்த நோட்ட எடுத்துக்க."

"ஆபரேஷன்னு சொல்லிருவாங்க."

"சொல்லட்டும், கேட்டுக்குவோம். நான் வெளியிலதான் நிப்பேன். உன்ன உட்டுட்டுப் போவ மாட்டேன்."

கடையைப் பூட்டும்போது என் கை நடுங்கியது. சாவியை அவர் வாங்கிப் பூட்டினார்.

ஜனவரி 13, செவ்வாய்

நேற்று எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். பெண் டாக்டர். என்னைவிடச் சின்னவராக இருப்பார். மணிக்கட்டைப் பிடித்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி பிடித்தார். நிமிடத்துக்கு நூற்று இருபத்தெட்டு.

"எத்தனை நாளா இப்படி வேர்க்குது?"

"ரெண்டு வாரமாங்க," என்றேன். வாய் தானாகச் சொன்னது.

அண்ணன் டைரியைத் திறந்து சத்தமாகப் படித்தார். "அக்டோபர் ஒம்பது, வியாழன். செல்வின் அண்ணனின் கிடாரில் மங்கல் விழுந்திருக்கிறது." டாக்டர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். அண்ணன் விடாமல் படித்துக்கொண்டே போனார். தீபாவளிக்கு வந்தபோது டாக்டர் பேனாவை எடுத்தார். நவம்பர் பதினாறு வரும்போது எழுதிக்கொண்டிருந்தார். நவம்பர் இருபத்தெட்டுக்கு மேல் அண்ணனால் படிக்க முடியவில்லை. மீதியை டாக்டரே வாங்கிப் படித்தார்.

ரத்தம் எடுத்திருக்கிறார்கள். படபடப்புக்கு இப்போதைக்கு ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இதயம் தாங்கியிருக்காது என்றார்.

ஜனவரி 21, புதன்

முடிவு வந்துவிட்டது. தைராய்டு. அளவுக்கு மேல் சுரக்கிறது. முதலில் மாத்திரை, ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை. அதற்குப் பிறகுதான் ஆபரேஷன் தேவையா இல்லையா என்று சொல்வார்களாம். தேவையில்லாமலும் போகலாம் என்றார் டாக்டர். போகலாம் என்றுதான் சொன்னார். அம்மாவின் காலத்தில் இந்த மாத்திரை இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றார். அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

கிடாரை அண்ணன் எடுத்துப் போய்விட்டார். இன்னும் அவருக்கு வருத்தம் இருக்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் இருக்கும். கபூர் பாயிடம் சுரண்டக் கொடுக்கப் போவதில்லை என்று மட்டும் சொன்னார். ஸ்டூலைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்று டாக்டரின் அறையை விட்டு வருவதற்கு முன்னால் நர்ஸ் ஒரு டேப்பைக் கொண்டுவந்து என் கழுத்தை அளந்தாள். அட்டையில் எழுதுவதற்காக டாக்டரிடம் சத்தமாகச் சொன்னாள்.

பதினாலே கால். என் டேப் சரியாகத்தான் இருந்திருக்கிறது.